வியாழன் மீது ஒரு கரும்புள்ளி

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி எழுதியது)

எங்கள் திண்டுக்கல் பக்கத்து நிலங்களை ‘வானம் பார்த்த பூமி’ என்பார்கள். எங்கள் வீட்டில் ‘வானம் பார்த்த பிள்ளை’ என்று ஒருத்தி உண்டு. அது நான்தான். பெயர் வைத்தவர் அம்மாச்சி. இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு நிற்கிற பேத்தியை அவர் வேறு எப்படி அழைப்பார்? அந்தக் குழாயின் வழியாகக் கோள்களைப் படம் பிடிப்பது எப்படி என்பதையும், பிடித்த படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். முதலாவதை மாமா கற்றுக்கொடுத்தார். இரண்டாவதை வகுப்பே சிரிக்கும்படி நானாகக் கற்றுக்கொண்டேன்.

தொலைநோக்கி மாமாவுடையது. நியூட்டன் வகையைச் சேர்ந்தது. குழாயின் அடியில் 6 அங்குல அகலமுள்ள குழிவான கண்ணாடி ஒன்று இருக்கிறது. அது வானத்து ஒளியைத் திரட்டி மேலே அனுப்பும். மேலே சாய்வாக நிற்கும் சிறு கண்ணாடி, அவ்வொளியைக் குழாயின் பக்கவாட்டுத் துளைக்குத் திருப்பிவிடும். அந்தத் துளையில் கண்வில்லையை மாட்டினால் பார்க்கலாம். கண்வில்லைக்குப் பதிலாகச் சிறு கேமராவை மாட்டினால் படம் பிடிக்கலாம். எங்கள் கேமராவுக்கு லென்சே கிடையாது. தொலைநோக்கிதான் அதன் லென்ஸ். உள்ளே இருக்கும் சென்சார் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

கோளைப் படம் பிடிப்பதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். வெறுங்கண்ணுக்கே வியாழன் பளிச்சென்று தெரிகிறதே! பளிச்சென்று தெரிவது வேறு, பெரிதாகத் தெரிவது வேறு. ஒரு ரூபாய் நாணயத்தை 100 மீட்டர் தூரத்தில் ஒருவர் கையில் பிடித்து நின்றால் அது எவ்வளவு சிறியதாகத் தோன்றுமோ, பூமிக்கு அருகில் வரும் காலத்தில் வியாழன் ஏறக்குறைய அவ்வளவுதான் தோன்றும். வானியலார் கணக்கில் இது 45 வில்விநாடி. ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள் உள்ளன. செவ்வாய் மிக அருகில் வந்த 2003 ஆகஸ்டில்கூட 25 வில்விநாடிதான் இருந்தது. யுரேனஸ் ஏறக்குறைய நான்குதான். ஒரு ரூபாயை நூறு மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, அதிலுள்ள எழுத்தைப் படிக்க முயல்வதுதான் எங்கள் தொழில்.

அந்த நாணயமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமி சுழல்வதால் வானம் ஒவ்வொரு விநாடியும் 15 வில்விநாடி நகர்கிறது. அதாவது மூன்று, மூன்றரை விநாடிக்குள் வியாழன் தன் அகல அளவுக்கு விலகிப் போய்விடும். இதைச் சமாளிக்கவே தொலைநோக்கியின் தாங்கியில் ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்கள். அது பூமி சுழலும் வேகத்தில், எதிர்த்திசையில் குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இதற்குத் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்று மேல்தான் இருப்பதால், துருவ நட்சத்திரமும் தொடுவானத்திலிருந்து அதே 10 பாகை உயரத்தில் தாழ்ந்து கிடக்கிறது. அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். திசைகாட்டியை வைத்து உத்தேசமாகத் திருப்பிக்கொள்வோம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி காற்று. வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று அப்படித்தான் நெளிந்துகொண்டிருக்கிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அவை கலந்து ஓடும்போது கோளின் உருவம் ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப்போல் ஆடுகிறது. எங்கள் 6 அங்குலக் கண்ணாடி முக்கால் வில்விநாடி வரை நுணுக்கம் காட்ட வல்லது. ஆனால் காற்றோ பெரும்பாலான இரவுகளில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கலக்கிவிடுகிறது. கண்வில்லையில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தால், திடீரென்று ஒரு கணம் காற்று அடங்கும். அப்போது வியாழனின் பட்டைகள், பட்டைகளின் ஓரத்துச் சுருள்கள், பெருஞ்சிவப்புப் புள்ளி எல்லாம் செதுக்கி வைத்ததுபோல் தெரியும். ‘ஐயோ!’ என்று சொல்வதற்குள் மறைந்துவிடும்.

பிலிம் சுருள் இருந்த நாளில் இந்தக் கணத்தைப் பிடிப்பது மிகவும் கடினம். பெரிதாக்கிய கோளின் ஒளி மங்கலாக இருப்பதால் பிலிமைச் சில விநாடியாவது திறந்து வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சில விநாடிக்குள் நல்ல கணம் ஒன்று வந்தாலும், கெட்ட கணங்கள் பல அதன் மேல் விழுந்து படத்தைக் கலைத்துவிடும். ஆகவே கோள்களைப் பொறுத்தவரை கேமராவைவிடக் கண்ணும் பென்சிலுமே மேல் என்று நெடுங்காலம் கருதினார்கள். கண் நல்ல கணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் அல்லவா?

ஆனால் கண்ணுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இத்தாலியில் மிலான் நகர வானியலார் ஷியாபரெல்லி 1877-இல் செவ்வாயைப் பார்த்து, அதன் மேல் மெல்லிய கோடுகளை வரைந்தார். ‘கனாலி’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார். இத்தாலிய மொழியில் அச்சொல் நீர் ஓடும் இயற்கைத் தடத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதை வெட்டிய கால்வாய் என்று பொருள்படும்படி எழுதிவிட்டார்கள். அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவல் இதில் மனத்தைப் பறிகொடுத்தார். 1894-இல் அரிசோனாவில் பிளாக்ஸ்டாஃப் என்னும் ஊரில் சொந்தமாக ஆய்வுக்கூடமே கட்டினார். செவ்வாயில் அறிவுள்ள உயிர்கள் வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கால்வாய் வெட்டியிருக்கின்றன என்று நூல்கள் எழுதினார். அவருடைய உதவியாளர் லாம்ப்லாண்ட் 1905-இல் செவ்வாயைப் புகைப்படம் பிடித்தார். படங்கள் விரல் நகத்தைவிடச் சிறியவை. லோவலுக்கு அவற்றில் கால்வாய்கள் தெரிந்தன. வேறு பலருக்குத் தெரியவில்லை. பத்திரிகையில் அச்சிட்டாலோ கோடுகள் மறைந்துபோயின. 1909-இல் பாரிசை அடுத்த மியூடான் நகரில் அன்டோனியாடி என்பவர் பெரிய தொலைநோக்கியில் காற்று நன்கு அடங்கிய இரவில் செவ்வாயைப் பார்த்தார். கோடுகள் இருந்த இடத்தில் ஒழுங்கற்ற திட்டுகளையே கண்டார். 1965 ஜூலையில் மாரினர்-4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்று அனுப்பிய படங்களில் பெரும் பள்ளங்கள் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை.

லோவல் பொய் சொல்லவில்லை. தெளிவில்லாத சிறு திட்டுகளைப் பார்க்கும்போது நம் மூளை அவற்றை இணைத்துக் கோடாக்கிவிடுகிறது. அவர் கண்டதைத்தான் வரைந்தார். இதைப் படித்தபோது, ‘இவ்வளவு பெரியவர் இப்படி ஏமாறலாமா?’ என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பிறகு நினைத்து வருந்த வேண்டியதாயிற்று.

இப்போது நாங்கள் படம் பிடிக்கும் முறைக்கு வருகிறேன். ஒரே படம் எடுப்பதை விட்டுவிட்டு வீடியோ எடுக்கிறோம். விநாடிக்கு 60 படம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் 7,200 படங்கள் சேரும். ஒவ்வொன்றும் விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை காற்று கலைத்தவை. ஆனால் சில நூறு படங்கள், காற்று அடங்கிய அந்த நல்ல கணங்களில் அமைந்திருக்கும். இப்படி நல்ல கணம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை டேவிட் ஃபிரைட் என்னும் அமெரிக்க அறிஞர் 1978-இலேயே கணக்கிட்டு எழுதினார். அதைச் சாதாரண மக்கள் கையாள, மலிவான வீடியோ கேமராவும் கணினியும் வர வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கணினிமேல் வைத்து முகம் பார்த்துப் பேசுவதற்காக விற்ற பிலிப்ஸ் நிறுவனத்தின் ‘டூ-யூ-கேம்’ என்னும் சிறு கேமராவின் லென்சைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியில் சொருகத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து கோள் படங்களின் தரமே மாறிவிட்டது.

7,200 படங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது. அதற்கு ‘ஆட்டோஸ்டாக்கர்ட்’, ‘ரெஜிஸ்டாக்ஸ்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர்கள் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆர்வலர்கள். மென்பொருள் கூர்மையான படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி, சராசரி எடுக்கும். ஏன் சராசரி? தனிப்படம் ஒவ்வொன்றும் மணல் தூவியதுபோல் பொரிபொரியாக இருக்கும். பொரி ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது. கோளோ எல்லாப் படத்திலும் ஒன்றுதான். நம் பாடற்குழுவில் நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது ஒருத்தி இருமினால் வெளியே கேட்பதில்லை, பாட்டு மட்டும் கேட்கிறது. அதைப்போலத்தான் இதுவும். 900 படங்களைச் சேர்த்தால் பொரி முப்பதில் ஒரு பங்காகக் குறையும். 900-இன் வர்க்கமூலம் 30 என்பதைக் கணக்குப் பாடத்தில் படித்த பயன் இங்கேதான் எனக்குக் கிடைத்தது.

வீடியோவை நீளமாக எடுத்துக்கொண்டே போகலாமே என்றால், அதுவும் கூடாது. வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாகவே, அதாவது ஏறக்குறைய 9 மணி 55 நிமிடத்தில், தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் அதன் மேகங்கள் நகர்ந்து படம் இழுபட்டுவிடும். இந்தச் சுழற்சியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

2024 டிசம்பர் 7-ஆம் நாள் வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வந்தது. அந்த மாதம் அது ரிஷப ராசியில், ரோகிணி நட்சத்திரத்துக்கு மேலே, நள்ளிரவில் எங்கள் உச்சந்தலைக்கு அருகே நின்றது. கோள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு அதன் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வரும். இங்கிலாந்தில் கோள் படங்களுக்குப் பெயர்பெற்ற டேமியன் பீச், தம் நாட்டில் கோள்கள் தாழ்வாக நின்ற ஆண்டுகளில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பார்பேடோஸ் தீவுக்குப் போய்ப் படம் பிடித்திருக்கிறார். அந்தத் தீவு இருப்பது நம் சென்னையின் அட்சரேகையில்! அவர் விமானம் ஏறித் தேடிப்போன வானம் நமக்கு மாடிப்படி ஏறினால் கிடைக்கிறது.

அரையாண்டு விடுமுறையில், மழை விட்ட ஓர் இரவு வேலையைத் தொடங்கினோம். மாடித் தளம் பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்து இரவில் கக்கும் என்பதால், மாலையிலேயே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். (தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரில் இது என்ன கூத்து என்று அம்மா கீழிருந்து கேட்டது நியாயமே.) தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துக் கண்ணாடியைக் குளிர விட்டோம். பிறகு குவியம் பார்ப்பது. திருகைத் தொட்டாலே குழாய் நடுங்கி, திரையில் வியாழன் குதிக்கும். இதற்கு மாமா ஒரு வித்தை வைத்திருக்கிறார். துணி மாட்டும் கிளிப் ஒன்றைத் திருகில் கவ்வவிட்டு அதன் நுனியை மெல்லத் தள்ளுவார். திருகு மயிரிழை அளவு மட்டும் நகரும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவி செய்யும் வேலையை அந்தக் கிளிப் செய்கிறது.

மோட்டார் ஓடினாலும் வியாழன் சிறிது சிறிதாக விலகும். திரையின் நடுவில் உள்ள குறுக்குக் கோட்டை விட்டு அது நகராமல், கைப்பொத்தானை அழுத்தித் திருத்திக்கொண்டே இருப்பது என் பொறுப்பு. ‘பரவாயில்லையே மருமகளே, ஆணி அடித்தது மாதிரி வைத்திருக்கிறாயே!’ என்று மாமா மெச்சினார். அந்த மெச்சுதலே வினையாயிற்று.

அரை மணி நேர இடைவெளியில் இரண்டு வீடியோ எடுத்தோம். மறுநாள் மடிக்கணினியில் படங்களை அடுக்கிக் கூர்மையாக்கினேன். கூர்மையாக்கும் பொத்தானை நகர்த்த நகர்த்த, பட்டைகள் எழுந்து வருவதைப் பார்க்க வேண்டுமே! பெருஞ்சிவப்புப் புள்ளியும் வந்தது. அத்துடன், கீழ்ப்பக்கத்தில் துருவத்துக்கு அருகே கறுப்பாக ஒரு புள்ளி. வியாழனின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். இரண்டாவது வீடியோவைத் திறந்தேன். அதிலும் இருந்தது! எனக்குக் கை நடுங்கியது.

நான் அவ்வளவு துள்ளியதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில், கான்பெரா நகருக்கு அருகே மரம்பேட்மன் என்னும் சிற்றூரில் அந்தோணி வெஸ்லி என்பவர் வசித்து வந்தார். கணினி நிரல் எழுதுவது அவர் தொழில். வீட்டுத் தோட்டத்தில் 14.5 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தார். 2009 ஜூலை 19 இரவு வியாழனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று சரியில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தவர், இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம் என்று தொடர்ந்தார். தென்துருவத்தருகே கறுப்பாக ஏதோ ஒன்று சுழன்று முன்னே வந்தது. முதலில் சாதாரணப் புயல் என்று எண்ணினார். பிறகு வியாழனின் துணைக்கோள் ஒன்றின் நிழலோ என்று எண்ணினார். அந்நிழல்கள் எப்போது எங்கே விழும் என்பதற்கு அட்டவணையே உண்டு. இது அதில் பொருந்தவில்லை, அளவும் பொருந்தவில்லை. அருகில் அவருக்கு நன்கு பழக்கமான வெள்ளைப் புயல் ஒன்று இருந்தது. கரும்புள்ளி அதனோடு ஒட்டி, அதே வேகத்தில் நகர்ந்தது. ஆகவே அது மேக மட்டத்திலேயே இருந்தாக வேண்டும். இரண்டு நாள் முன்பு தாம் எடுத்த படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதே இடத்தில் ஒன்றும் இல்லை. அதன் பிறகே மற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

ஹவாயில் மௌனா கீ மலைமேல் உள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி உடனே வியாழன் பக்கம் திரும்பி, ஏதோ ஒரு பொருள் மோதியிருக்கிறது என்று உறுதி செய்தது. ஜூலை 23-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அந்த வடுவைப் படம் எடுத்தது. வடுவின் அளவைப் பசிபிக் மாகடலோடு ஒப்பிட்டார்கள். சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1994 ஜூலையில், ஷூமேக்கர்-லெவி 9 என்னும் வால்மீனின் துண்டுகள் வியாழனில் விழுந்தபோது உலகமே முன்கூட்டித் தெரிந்துகொண்டு காத்திருந்தது. 2009-இல் யாருக்கும் தெரியாது. பெரிய தொலைநோக்கிகள் வேறு வேலையாய் இருந்தன. தோட்டத்தில் நின்ற ஒருவர்தான் பார்த்தார்.

‘அவருக்கு ஒரு புள்ளி, எனக்கு ஒரு புள்ளி’ என்று நினைத்ததில் தவறு உண்டா, சொல்லுங்கள்! பள்ளி திறந்த அன்றே வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் அறிவியல் கண்காட்சி. அதற்கான அட்டையில் ‘வியாழனில் புதிய மோதல்?’ என்று வண்ண எழுத்தில் எழுதியும் ஆயிற்று. கேள்விக்குறி போட்டது அடக்கத்துக்காக என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். பாராட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “வேறு யாராவது இதைப் பார்த்திருக்கிறார்களா அம்மா?” என்று கேட்டார்கள். “தெரியவில்லை சிஸ்டர், ஆனால் இரண்டு வீடியோவிலும் இருக்கிறது” என்றேன். “இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்?” “அரை மணி சிஸ்டர்.” “அரை மணியில் வியாழன் எவ்வளவு சுற்றும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்” என்றார்கள். அவ்வளவுதான்.

கணக்கு எளிது. 595 நிமிடத்தில் 360 பாகை என்றால் 30 நிமிடத்தில் 18 பாகை. வீட்டுக்குப் போய் இரண்டு படத்தையும் ஒட்ட வைத்தேன். பெருஞ்சிவப்புப் புள்ளி முதல் படத்தில் இருந்த இடத்தை விட்டு நன்றாகவே நகர்ந்திருந்தது. பட்டையின் சுருள்களும் நகர்ந்திருந்தன. என் கரும்புள்ளி மட்டும் அப்படியே நின்றது. சுழலும் பந்தின் மேல் சுழலாமல் நிற்கும் புள்ளி! வெஸ்லியின் புள்ளி புயலோடு சேர்ந்து நகர்ந்தது என்பதை நூறு முறை சொல்லியிருப்பேன். என் படத்தில் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. எந்தப் படம் எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றியதோ, அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியது.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. பொங்கல் விடுமுறையில் மாமா மறுபடி தொலைநோக்கியை ஏற்றினார். திரையில் வியாழன் வந்தது. உற்றுப் பார்த்தால் அதே இடத்தில் மங்கலாகக் கறை. “மோட்டாரை நிறுத்து மருமகளே” என்றார் மாமா. நிறுத்தினேன். வியாழன் மெல்ல நகர்ந்து திரையின் ஓரத்துக்குப் போகத் தொடங்கியது. கரும்புள்ளி அதனோடு போகவில்லை. வியாழனின் உருவம் அதன் அடியில் கடந்து போயிற்று. கடைசியில் வியாழன் போய்விட்டது. இருண்ட திரையில் புள்ளியும் கண்ணுக்குத் தெரியவில்லை. அது சென்சார்மேல் ஒட்டியிருந்த தூசி. சென்சாரின்மேல் விழும் வியாழனின் உருவம் அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. அதில் பத்தில் ஒரு பங்குத் தூசி என்றால் எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பாருங்கள். கோளை அங்கே இங்கே நகரவிட்டிருந்தால், படங்களை அடுக்கும்போது தூசி கரைந்து போயிருக்கும். நான் ஆணி அடித்தது மாதிரி பிடித்து வைத்திருந்ததால் அது கூடவே அடுக்கப்பட்டது. கூர்மையாக்கும் பொத்தான் அதற்கு வடிவும் கொடுத்துவிட்டது.

அந்தப் பொத்தானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படத்தில் உள்ளதை அது எடுத்துக்காட்டும் என்பது உண்மை. அளவுக்கு மிஞ்சி இழுத்தால் இல்லாததையும் வரைந்துவிடும். செவ்வாயின் ஓரத்தில் தட்டுக்கு விளிம்பு கட்டியதுபோல் இன்னொரு வளையம், துணைக்கோளைச் சுற்றிக் கறுப்பு வட்டம், பட்டைகளில் மீன்வலை என்று இவையெல்லாம் வரும். பார்க்க அழகாகவும் இருக்கும். லோவலின் மூளை செய்ததை இப்போது மென்பொருள் செய்கிறது. நான் இப்போது ஒரே இரவில் எடுத்த இரண்டு வீடியோவைத் தனித்தனியே அடுக்குகிறேன். இரண்டிலும் வந்து, கோளோடு நகர்ந்தும் இருப்பதைத்தான் உள்ளதாகக் கொள்கிறேன்.

இன்னொரு வழி சிஸ்டர் முதலில் கேட்டதுதான். வேறு யாராவது பார்த்தார்களா? பிலிப்பைன்ஸ் நாட்டில் செபு என்னும் தீவு, ஏறக்குறைய நம் திண்டுக்கல்லின் அட்சரேகையிலேயே இருக்கிறது. அங்கே மரச்சாமான் தொழில் நடத்தும் கிறிஸ்டோபர் கோ என்பவர் 11 அங்குலத் தொலைநோக்கியால் வியாழனை இரவுதோறும் படம் பிடித்து வந்தார். வியாழனில் மூன்று வெள்ளைப் புயல்கள் 1998-இலும் 2000-இலும் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெரிய புயலாகியிருந்தன. 2006 பிப்ரவரியில் அந்த வெள்ளைப் புயல் பெருஞ்சிவப்புப் புள்ளியைப்போல் சிவந்துவிட்டதை அவர் கண்டார். ஏப்ரலில் ஹபிள் அதைப் படமெடுத்தது. சின்னச் சிவப்புப் புள்ளி என்று அதற்குப் பெயரும் வந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2010-இல் நடந்தது. அந்த ஆண்டு ஜூன் 3, உலக நேரப்படி இரவு எட்டரை மணியளவில், ஆஸ்திரேலியாவில் முன்சொன்ன வெஸ்லி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வியாழனின் மேல் பளிச்சென்று ஓர் ஒளி தோன்றி இரண்டே விநாடியில் அணைந்தது. ஒருவருடைய வீடியோவில் மட்டும் தெரிந்த மின்னல் என்றால் யார் நம்புவார்? செய்தி கேட்ட கோ, அதே நேரத்தில் செபுவில் தாம் எடுத்து வைத்திருந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தார். அதே விநாடியில், அதே இடத்தில், அதே ஒளி! இருவருக்கும் நடுவே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். ஒரே தூசி இரண்டு கேமராவில் ஒட்டியிருக்க முடியாது. சுமார் 10 மீட்டர் அளவுள்ள பொருள் வியாழனில் விழுந்து எரிந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். வடு எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் இருவரும் அன்றிரவு தூங்கியிருந்தால் அப்படி ஒன்று நடந்ததற்கே அடையாளம் இராது. ஹபிள் தொலைநோக்கியால் வெளிக்கோள்களை ஆண்டுக்கு ஒருமுறை படமெடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. மற்ற இரவுகளைச் சின்னத் தொலைநோக்கிகள்தான் பார்த்துக்கொள்கின்றன.

கண்காட்சிக்கு நான் வேறு அட்டை எழுதினேன். தூசியுள்ள படம், தூசி இல்லாத படம், அரை மணி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள், மோட்டாரை நிறுத்தி எடுத்த வீடியோ எல்லாவற்றையும் வைத்தேன். ‘எது வியாழனுடையது, எது எங்கள் கேமராவுடையது?’ என்று கேட்டு, வந்தவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

தொலைநோக்கி இல்லாத தோழியர் யாரிடமாவது உள்ளதில் கைப்பேசியைக் கண்வில்லையோடு ஒட்டிப் பிடித்து, வீடியோவாக எடுத்துப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வியாழன் வெள்ளை முட்டையாகத்தான் வரும். வெள்ளியில் பிறை மட்டுமே கிடைக்கும். சனியின் வளையத்தை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. அந்த ஆண்டு முழுவதும் அது குறுக்கே வைத்த ஊசி மாதிரிதான் இருந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். செவ்வாய் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் அருகில் வரும். அடுத்தது 2027 பிப்ரவரி. அதற்குள் நம் தேர்வு முடிந்திருக்கும்.

எங்கள் கேமராவை மாமா ரப்பர் குமிழால் ஊதிச் சுத்தம் செய்துவிட்டார். இடது மூலையில் இன்னொரு தூசி மட்டும் எதற்கும் அசையாமல் இருக்கிறது. வியாழனை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.